காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்!

புதிய எஸ்யுவி வாங்கியிருக்கிறீர்களா? அதனுடன் ஒரு கம்ப்யூட்டரும் வந்திருக்கிறது. முன் கண்ணாடியில் உள்ள கேமராவும், முன்பக்கம் உள்ள ராடாரும் அதன் இன்புட் சாதனங்கள். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அவுட்புட்.

கேமரா சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, கார் விலகாமல் உதவுகிறது. கோடு அழிந்திருந்தாலோ, கண்ணாடியில் சேறு படிந்திருந்தாலோ இந்த உதவி கிடைக்காது.

ராடார் முன்னால் செல்லும் வண்டியின் தூரத்தை அளக்கிறது. அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் அதற்கேற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். திடீரென ஒரு பைக் குறுக்கே வந்தால் கார் தானாகவே பிரேக் போடலாம். பின்னால் ஒட்டி வருபவர் இதை எதிர்பார்க்க மாட்டார். எனவே நெரிசலான ஊருக்குள் குரூஸ் கண்ட்ரோலை ஆஃப் செய்துவிடுங்கள். அவசர பிரேக் வசதியை மட்டும் ஆஃப் செய்ய வேண்டாம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப், பாட்டு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே செட் செய்துகொள்ளுங்கள். ஓடும்போது திரையைத் தொட வேண்டாம். குரல் கட்டளை போதும்.

எஸ்ஏஇ அமைப்பு தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை பிரித்துள்ளது. உங்கள் கார் லெவல் 2 என்றால், அது வெறும் உதவியாளர்தான். டிரைவர் நீங்களே! கைகள் ஸ்டீயரிங்கில், கண்கள் சாலையில் இருக்கட்டும்.