இக்வானாவுக்குக் கீரை ஆய்வது எப்படி?

நாய், பூனை, கிளி வளர்ப்பவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. இளைய தலைமுறையோ இக்வானா வரை போய்விட்டது. ஓணானுக்கு அண்ணன் போலிருக்கும் இந்தப் பச்சைப் பிராணி மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. நன்றாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்தடிக்கு மேல். என் மகள் வீட்டில் மூன்று வருடங்களாக ஒன்று இருக்கிறது. அதற்குத் தீனி நறுக்கும் காலை டியூட்டி ரிடையரான என் தலையில். ரயில்வேயில் பழகிய புத்தி, எதையும் ஏன் என்று கேட்காமல் விடாது. கால்நடை மருத்துவரைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இக்வானா சுத்த சைவம். இலையைக் கடித்துக் கிழித்து விழுங்குமே தவிர, மென்று தின்னத் தெரியாது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அந்த இலையைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. "பாவம், புரதம் வேண்டாமா?" என்று முட்டையும் நாய் பிஸ்கட்டும் கொடுப்பவர்கள் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்திலேயே இன்னொரு வீட்டில், ஒரு வருடம் பாலக் கீரையும் வெள்ளரிக்காயும் மட்டுமே போட்டு வளர்த்தார்கள். பின்னங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன, கீழ்த்தாடை வீங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு நிழல் போல் மங்கலாகத் தெரிந்ததாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சிகிச்சையில் பிழைத்தது, முதுகு வளைவு மட்டும் நிமிரவில்லை.

பாலக்கில் சுண்ணாம்புச் சத்து இல்லாமலில்லை. ஆனால் அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் அதைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். நீராவி இன்ஜின் பாய்லரில் தண்ணீரிலிருந்த சுண்ணாம்பு படிந்து உறைந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இருக்கிறது, ஆனால் உதவாது. பீட்ரூட் கீரையும் அப்படித்தான். தீனியில் பாஸ்பரஸைப் போல் சுமார் 2 மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். பெரும்பாலான காய்களில் கணக்கு தலைகீழ்.

ஆகவே நான் முதலில் தேடுவது முருங்கைக் கீரை. இங்கே நாக்பூரில் 'ஷெவ்கா' என்று காயைத்தான் வாங்குகிறார்கள். கீரையைக் கேட்டால் சும்மாவே தருகிறார்கள்! காம்பை நீக்கிப் பொடியாக நறுக்கி, மேத்தி, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும் கலப்பேன். துருவிய மஞ்சள் பூசணி, சுரைக்காய், பீன்ஸ் கொஞ்சம். பப்பாளி போன்ற பழம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் எப்போதாவது ஒரு நாள். தினமும் போட்டால் தைராய்டுக்கு ஆகாது. வெங்காயம், பூண்டு, அவகாடோ, தக்காளிச் செடியின் இலை, உப்பிட்டுச் சமைத்தது எதுவும் கூடவே கூடாது.

சந்தைக் கீரையை அகலப் பாத்திரத்தில் அமிழ்த்தி மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசவேண்டும். வேர்மண்ணோடு மருந்தும் கொஞ்சம் போகும். சாலையோரத்தில் இலை பறிக்கவே வேண்டாம். அங்கே மருந்து தெளித்திருப்பார்கள், பக்கத்திலேயே அரளியும் நிற்கும். அரளி கொடிய விஷம். சில ஸ்டேஷன் தோட்டங்களில்கூட அழகுக்காக அதை வளர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தீனியைக் காலையில் வைக்கவேண்டும். அதற்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. 30 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தால்தான் செரிக்கும். நம் ஊர் ஜனவரிக் குளிரில் விளக்குச் சூடு இல்லாவிட்டால் தின்றது குடலிலேயே தேங்கிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் சூடு தருமே ஒழிய, சுண்ணாம்புச் சத்தை உடம்பில் ஏற்றும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். நேர் வெயில் அல்லது அதற்கென்று உள்ள விளக்கு வேண்டும். கால்சியம் பொடியின் அளவை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

இதன் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்யவேண்டும். ராஜஸ்தான் பாலைவனத்தில் 'சாண்டா' என்றொரு இலை தின்னும் பல்லி உண்டு. அது நம் நாட்டுக் காட்டுயிர். 1972-ஆம் வருடச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.