தப்பு போட விடும் விளையாட்டு

இணையத்தில் கிடைக்கும் கணித விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கார் ஓடுகிறது, திடீரென்று "7 × 8 எவ்வளவு?" என்று ஒரு கேள்வி சுங்கச்சாவடி போலக் குறுக்கே நிற்கிறது. விடை தந்தால் கார் மறுபடி ஓடும். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு நாடுகளின் தலைநகரங்களைக் கேட்டாலும் விளையாட்டில் ஒன்றும் மாறாது. புதிதாக ஒரு விளையாட்டை வடிவமைக்க நினைப்பவர் பழையவற்றைப் புரட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கணக்கை உருவிவிட்டால் ஆட்டம் நிற்கிறதா, விழுகிறதா? விழ வேண்டும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஹப்குட், ஷாரன் ஐன்ஸ்வொர்த் இருவரும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். விளையாட்டின் பெயர் 'ஸாம்பி டிவிஷன்'. எதிரே வரும் எலும்புக்கூடுகளின் மார்பில் எண்கள். பிள்ளையின் கையில் உள்ள ஒவ்வோர் ஆயுதமும் ஒரு வகுத்தி. 12 எண் கொண்ட எலும்புக்கூடு 3-க்கு விழும், 5-க்கு விழாது. இதே விளையாட்டை இன்னொரு விதமாகவும் செய்தார்கள். அதில் சண்டையில் எண்ணே கிடையாது. அதே வகுத்தல் கணக்குகள் சண்டை முடிந்தபின் தனியாக வரும். 2011-இல் வெளியான முடிவின்படி, சண்டைக்குள்ளேயே வகுத்தல் இருந்த விளையாட்டை ஆடிய பிள்ளைகள் அதிகம் கற்றிருந்தார்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, மற்றதைப்போல ஏழு மடங்கு நேரம் அதையே ஆடினார்கள்.

ஆனால் கணக்கை உருவிப் பார்க்கும் இந்த ஒரு சோதனை போதாது. பிள்ளை தப்பாகப் போட்டால் திரையில் என்ன நடக்கிறது? என் கணிப்பில் அதைவிட முக்கியமான கேள்வி இதுதான். பல விளையாட்டுகளில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வரும், ஓர் உயிர் போகும், அவ்வளவுதான். ஏன் தப்பு, எவ்வளவு தப்பு என்று எதுவும் தெரியாது.

இதற்கு நான் கண்ட மிக நல்ல விடை பழைய விடை. இன்றைய இணையத்துக்கு முன்பே, பல ஊர்களின் திரைகளை ஒரு பெரிய கணினியோடு கம்பி வழியாக இணைத்திருந்த அமைப்பு பிளேட்டோ. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் 1970-களில் ஷரன் டக்டேல், டேவிட் கிப்பி இருவரும் செய்த விளையாட்டு 'டார்ட்ஸ்'. திரையில் நெட்டுக்குத்தாக ஓர் எண்கோடு, அதில் சில பலூன்கள். பலூன் இருக்கும் இடத்தைப் பின்னமாகத் தட்ட வேண்டும். அம்பு பறந்துபோய்க் குத்தும். பலூன் 3/4-இல் இருக்க, பிள்ளை 2/3 என்று தட்டினால் அம்பு 2/3 இருக்கும் இடத்தில் குத்தி அங்கேயே நிற்கும். தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2/3 சின்னது, எவ்வளவு சின்னது என்பது கண்ணெதிரே இருக்கிறது. அடுத்த அம்பை அதைப் பார்த்தே விடலாம்.

  

இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து இப்போது 'டிராகன்பாக்ஸ்' விளையாட்டைப் பார்ப்போம். நார்வேயில் கணித ஆசிரியராக இருந்த ழான்-பாப்டிஸ்ட் ஹுயின் முன்னின்று செய்து 2012-இல் வெளியான இயற்கணித விளையாட்டு. திரையில் இரண்டு பக்கம், இரண்டிலும் படக் கார்டுகள், அவற்றோடு ஒரு பெட்டி. பெட்டியை ஒரு பக்கத்தில் தனியாக்க வேண்டும். போகப்போகப் படங்கள் எழுத்துகளாகின்றன, பெட்டி x ஆகிறது. சின்னப் பிள்ளைகூட சமன்பாடு தீர்க்கிறது. கணக்கை உருவினால் இதில் எதுவும் மிஞ்சாது. முதல் சோதனையில் முழு வெற்றி. ஆனாலும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் யாஞ்ஜின் லாங், வின்சென்ட் அலெவன் இருவரும் இதை ஒரு கணினிப் பயிற்சி மென்பொருளோடு வகுப்பறையில் ஒப்பிட்டபோது, பிள்ளைகள் அதிகம் ரசித்தது டிராகன்பாக்ஸை. சமன்பாடு தீர்க்க அதிகம் கற்றது மற்றதில்.

காரணம், தப்பாகப் போட்டால் என்ன நடக்கிறது என்ற இரண்டாவது கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் கார்டு போட்டால், மறுபக்கமும் அதையே போடும்வரை டிராகன்பாக்ஸ் வேறு எதையும் செய்ய விடாது. காகிதம் அப்படித் தடுப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் 3-ஐக் கழித்துவிட்டு மறுபக்கத்தை மறப்பதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பு. அந்தத் தப்புக்கே இங்கே இடமில்லை.

இத்தகைய விளையாட்டைத் தொடர்ந்து செய்ய வருபவருக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. கடைசிக் கட்டங்களிலாவது அந்தத் தடையை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கார்டு விழுந்தால் திரை அந்தப் பக்கமாகச் சாயும்படி செய்யலாம். சாய்ந்ததை நிமிர்த்த எந்தக் கார்டு வேண்டும் என்று பிள்ளையே தேடட்டும்.