புண் ஆறிடுச்சு... நோய் போயிடுச்சா?

லேகியக்காரரின் "கைராசி" ரகசியம்

மின்சார ரயில் பெட்டியில், பஸ் நிலையச் சுவரில், கட்டணக் கழிப்பிடக் கதவில்... "ரகசிய நோய்" தீர்ப்பதாகச் சொல்லும் நோட்டீசைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. இன்ன கிழமை, இன்ன லாட்ஜ், இன்ன ரூம் நம்பர் என்று போட்டிருக்கும்.

நம்பிப் போகிறவருக்கு அங்கே பொடி கிடைக்கும். லேகியம் கிடைக்கும். பர்ஸ் காலியாகும். வேடிக்கை என்னவென்றால், ஒரு மாதத்தில் புண்ணும் ஆறிவிடும்!

"கைராசிக்காரர் சார்" என்று அடுத்த ஆளையும் அனுப்பி வைப்பார்.

கைராசியும் இல்லை, லேகியமும் இல்லை. சும்மா விட்டிருந்தாலும் அந்தப் புண் ஆறியிருக்கும்!

வலிக்காத புண்

சிபிலிஸ் என்பது டாக்டர்கள் வைத்த பெயர். ஊர்ப்பக்கம் கிரந்தி, மேகப்புண் என்பார்கள். ஸ்பிரிங் போல சுருண்ட ஒரு கிருமிதான் காரணம். உறவு கொண்ட 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், பெரும்பாலும் 3 வாரத்தில், கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். வழக்கமாக வலிக்காது. வலித்தாலாவது மனுஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான்!

3 முதல் 6 வாரத்தில் புண் ஆறிப்போகும். ஆனால் கிருமி போகவில்லை. ரத்தத்தில் கலந்துவிட்டது.

சில வாரம் கழித்து உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கை, உள்ளங்காலில் கூட வரும். அரிப்பு அதிகம் இருக்காது. "சூடு பிடிச்சிடுச்சு" என்று இளநீரும் மோரும் குடிப்பார்கள். அதுவும் தானாக மறையும். இளநீருக்கு நல்ல பெயர்!

அப்புறம் வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது. 10, 20 வருஷம் கழித்து சிலருக்கு இதயம், மூளை, கண் என்று எங்காவது கைவரிசையைக் காட்டும்.

"எனக்கு எதுக்குங்க ஊசி?"

பெண்களுக்குப் புண் உள்ளே வந்தால் கண்ணுக்கே தெரியாது. வீட்டு வாசலைத் தாண்டாத மனைவிக்கு நோய் இருப்பது, கர்ப்பமாகி ரத்தம் சோதிக்கும்போதுதான் பல இடங்களில் தெரிய வருகிறது. "எனக்கு எதுக்குங்க ஊசி?" என்று அவர் கேட்டால் கணவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

தாயின் ரத்தத்தில் இருக்கும் கிருமி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். கரு கலையலாம். குழந்தை செத்துப் பிறக்கலாம். பிழைத்தாலும் ஊனம் வரலாம். மாமியார் வீட்டில் பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும், கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஊசி போட்டால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். அதற்காகத்தான் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள்.

எப்படிப் பரவும்?

உறவால் பரவும். புண்ணோடு நேராக உரசுவதால் பரவும். வாய்வழி உறவிலும் பரவும். கழிப்பிடத்தில் உட்கார்ந்ததால் வராது. ஒரே டம்ளரில் டீ குடித்ததால், ஒரே மேன்ஷனில் படுத்ததால் வராது. "வெளியே பாத்ரூம் போனேன், வந்துடுச்சு" என்பதெல்லாம் வீட்டுக்குச் சொல்லும் கதை!

ஆணுறை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் தப்ப முடியாது. பேன்ட் பின் பாக்கெட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் சூட்டில் ரப்பர் கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் கிழிந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தப் புண் இருப்பவருக்கு எச்.ஐ.வி. சுலபமாகத் தொற்றும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரிய வந்ததே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதனால்தான் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனால் அந்தச் சோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

பழைய ஊசிதான்

1943-ல் அமெரிக்க டாக்டர் ஜான் மகோனி பென்சிலின் கொடுத்து சிபிலிசைக் குணப்படுத்தினார். இன்றைக்கும் அதே மருந்துதான் கேட்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால் பென்சாதைன் பென்சிலின் ஒரு தடவை போட்டால் போதும். நாளான நோய்க்கு வாரம் ஒரு தடவை, 3 வாரம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெட்டை நோய் அப்படியில்லை. அந்தக் காலத்தில் அதற்கும் பென்சிலின் கேட்டது. இப்போது கேட்காது. கண்ட மாத்திரையை அரைகுறையாக விழுங்கி விழுங்கி, கிருமி மருந்தை ஜெயிக்கப் பழகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு மாத்திரை கொடுப்பா" என்று வாங்குகிறவர்கள் கவனிக்க!

புண் வந்த உடனே ரத்தம் கொடுத்தால் சில சமயம் சோதனையில் தெரியாது. டாக்டர் மறுபடி வரச் சொன்னால் போக வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையிலும், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கிறார்கள். நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் 1097-க்கு போன் செய்யலாம். காசு கிடையாது. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக்காரம்மாவைக் கூட்டி வந்தீங்களா?" கணவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால், மனைவியிடமிருந்து நோய் மறுபடி அவருக்கே வரும்.