பிட் வெள்ளத்தில் சொல் பிரித்தல்

'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரை இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். செம்பொன் பதின்தொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு ஒன்பதின்தொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. எழுத்துகள் மாறவில்லை, எல்லை மாறியது, பொன் செம்பாயிற்று. மின்னணுச் சில்லுகளின் வழியே மிகுவேகத்தில் செய்தி அனுப்புவோரும் இவ்விடர்ப்பாட்டையே எதிர்கொள்கின்றனர். அதனை ஈண்டுக் காண்போம்.

சில்லும் வேகமும்

பயன்படுத்துவோரே தம் தேவைக்கேற்ப உள்ளமைப்பை வகுத்துக்கொள்ளத்தக்க சில்லு எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும். சைலிங்ஸ் நிறுவனம் 1985-இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2002-இல் வெளிவந்த அதன் விர்டெக்ஸ்-2 புரோ வரிசையில், வினாடிக்கு 312.5 கோடி பிட் அனுப்பவல்ல டிரான்ஸ்சீவர்கள் சில்லுக்குள்ளேயே இடம்பெற்றன. அவ்வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுட்காலத்திற்குள் ஒளிகூடப் பத்து சென்டிமீட்டர் கடப்பதில்லை.

முன்னர்ப் பல கம்பிகளில் பிட்டுகளை ஒருங்கே அனுப்பிக் கடிகாரத் துடிப்பிற்கெனத் தனிக்கம்பியும் வைத்தனர். வேகம் மிகுந்தபோது கம்பிகளின் நீளத்திலுள்ள சிறு வேறுபாடும் பிட்டுகளை முன்பின்னாக்கியது. எனவே ஒரே இணைக்கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை தோன்றியது. இதில் கடிகாரக் கம்பி இல்லை. 0 என்பது 1 ஆகவும், 1 என்பது 0 ஆகவும் மாறும் இடங்களைக் கொண்டே ஏற்கும் முனை துடிப்பைக் கணித்துக்கொள்கிறது.

வெறும் தரவின் இடர்கள்

தரவை உள்ளவாறே அனுப்பினால் என்ன? முதலாவது, படமொன்றின் கரிய பகுதிபோல் நெடுகிலும் சுழியே வருமாயின் மாற்றமில்லை. ஏற்கும் முனை துடிப்பை இழக்கும். இரண்டாவது, இணைப்பின் இடையிலுள்ள மின்தேக்கி மாறும் மின்னோட்டத்தையே கடத்தும். 0, 1 எண்ணிக்கை சமநிலை குலைந்தால் குறிகை நிலைபிறழும். மூன்றாவது, ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. செம்பும் பொன்னும் இங்கேதான் குழம்புகின்றன.

0101 என மாறிமாறி அனுப்பிச் சோதித்தால் துடிப்பிலும் சமநிலையிலும் குறை தோன்றாது. அச்சோதனையை மட்டும் நம்புவோர் உண்மைத் தரவு வரும்போது ஏமாறுவர்.

தீர்வுகள்

ஐ.பி.எம். நிறுவனத்தின் விட்மரும் ஃபிரானசெக்கும் 1983-இல் 8பி/10பி என்னும் குறியீட்டை வெளியிட்டனர். எட்டுப் பிட்டுகள் பத்தாக மாற்றப்படும். ஒரே பிட் ஐந்து முறைக்கு மேல் தொடர்ந்து வாராது. 0, 1 சமநிலையும் காக்கப்படும். தரவில் எங்கும் தோன்றாத 'கமா' என்னும் தனிக்குறி சொல்லெல்லையைக் காட்டும். இதற்கு விலையும் உண்டு: 312.5 கோடியில் 250 கோடி பிட்டே செய்தியாகும். 2002-இன் பத்து கிகாபிட் ஈதர்நெட் தரத்தில் ஏற்கப்பட்ட 64பி/66பி முறையோ, பிட்டுகளைக் கலைத்து, 64 பிட்டுக்கு இரண்டே பிட் தலைப்பிடுகிறது. செலவு குறைவு, ஆனால் சமநிலை உறுதியன்று, நிகழ்தகவே.

வேறொரு நுட்பமும் உண்டு. இரு முனைகளின் கடிகாரங்களும் முற்றும் ஒத்தோடா. பத்து லட்சத்தில் 200 பங்கு வேறுபட்டால், மேற்கூறிய வேகத்தில் வினாடிக்கு 6.25 லட்சம் பிட்டுகள் மிகும் அல்லது குறையும். இடையிடையே நீக்கவும் சேர்க்கவும் தக்க நிரப்புக்குறிகள் இல்லையேல் தரவு வழிந்து சிந்தும்.

வெறும் தரவு அனுப்பவே இயலாதா? இயலும். டிரான்ஸ்சீவரின் குறியீட்டுப் பகுதியைத் தவிர்த்துவிடலாம். அப்போது அதன் கடமைகள் யாவும் நம்முடையனவாகும். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் வகுத்த ஜி.பி.டி. இணைப்பு இதற்குச் சான்று. வினாடிக்கு 480 கோடி பிட் செல்லும் அவ்விணைப்பில் 120 பிட் கொண்ட ஒவ்வொரு சட்டத்திலும் 4 பிட் தலைப்பு. 32 பிட் பிழைதிருத்தம். எஞ்சிய 84 பிட்டும் கலைக்கப்பட்டே செல்கின்றன. துடிப்பு ஒரே மூலத்திலிருந்து பெறப்படுவதால் நிரப்புக்குறி வேண்டுவதில்லை.

ஆக, குறியீடு வீண்சுமையன்று. அதனைத் துறப்போர், அது ஆற்றிய பணிகளை முதலில் எண்ணிப்பார்த்தல் வேண்டும். எல்லை அறியாது வாங்கிய செய்தி எத்துணை விரைந்து வரினும் பயனில்லை. பொன்னை அனுப்பியவர்க்கும் செம்பே சென்று சேரும்.