சாலையோரக் கல்லும் சபையின் நினைவும்

நெடுஞ்சாலை ஓரங்களில் நாட்டப்பட்ட வரலாற்று நினைவுப் பலகைகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகுதி. வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டிலிருந்து வாஷிங்டன் நோக்கிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையில் 1927-இல் இவற்றை நிறுவத் தொடங்கியது. இன்று அம்மாநிலத்தில் மட்டும் 2,500-க்கு மேற்பட்டவை உள்ளன. வண்டியில் செல்லும் வழிப்போக்கர் சற்றே நின்று படிப்பதற்கென எழுதப்படுவதால், ஒரு பலகையின் வாசகம் ஏறத்தாழ நூறு சொற்களில் அடங்கிவிடுகிறது. அக்குறுகிய இடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை எழுதுவோரே முடிவு செய்கின்றனர். படிப்பவரோ, உலோகத்திலும் கல்லிலும் பொறித்ததை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறார். போரைப் பற்றிய பலகைகளில் இதன் விளைவு பெரிது. அங்கே ஒரு சொல்லைத் தெரிந்தெடுப்பதே ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. திருப்பணியாளராகிய நம்மை நேரே தொடும் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கில் சேண்ட் கிரீக் என்னும் மணலோடை உள்ளது. 1864 நவம்பர் 29 அன்று விடியற்காலையில், அதன் கரையில் கூடாரமிட்டிருந்த செயென், அரப்பஹோ மக்களின்மேல் ஏறத்தாழ 675 படைவீரர் பாய்ந்தனர். அருகிலிருந்த படைக்கோட்டையின் பாதுகாப்பில் தாங்கள் இருப்பதாகவே அம்மக்கள் நம்பியிருந்தனர். அவர்கள் தலைவரான பிளாக் கெட்டில் தம் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியும் பயனில்லை. ஏறத்தாழ 230 பேர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமே. இறந்தோரின் உடல்களைச் சிதைத்த வீரர்கள் அவற்றின் பகுதிகளை டென்வர் நகரில் காட்சிப்பொருளாகக் காட்டினர்.

படையை நடத்தியவர் கர்னல் ஜான் சிவிங்டன். இவர் மெதடிஸ்து திருச்சபையில் அபிஷேகம் பெற்ற குரு. ராக்கி மலைப் பகுதிச் சபைகளின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றியவர். அப்போதைய ஆளுநர் ஜான் எவான்சும் மெதடிஸ்தரே. கல்வி நிறுவனங்களைத் தோற்றுவித்த பெருமையும் அவருக்கு உண்டு. பகைமை கொண்ட பழங்குடியினரைத் தேடிக் கொல்லக் குடிமக்களுக்கு அனுமதியளித்த அறிவிப்பை 1864-இல் வெளியிட்டவரும் அவரே. 1865-இல் நாடாளுமன்றக் குழு இச்செயலைக் கடுமையாகக் கண்டித்தது. எனினும் சிவிங்டன் அதற்கு முன்பே படையினின்று விலகிவிட்டமையால் படைத்துறை நீதிமன்றம் அவரைத் தொடவில்லை. தண்டனை பெற்றவர் எவரும் இலர்.

கற்கள் இதை எவ்வாறு பதிவு செய்தன? 1909-இல் டென்வர் சட்டமன்றக் கட்டடத்தின் முன் உள்நாட்டுப் போர் வீரருக்கு எழுப்பிய சின்னத்தில், கொலராடோப் படைகள் பொருத போர்களின் வரிசையில் சேண்ட் கிரீக்கும் பொறிக்கப்பட்டது. 1950-இல் அவ்விடத்திற்கென இரு கற்கள் நாட்டப்பட்டன. ஓடையை நோக்கிய மேட்டில் உள்ளூர் வணிகர் சங்கங்கள் வைத்த கல் அதனைப் போர்க்களம் என்றே கூறியது. மாநில வரலாற்றுக் கழகம் சிவிங்டன் என்னும் ஊரருகே (ஆம், அவர் பெயரையே தாங்கிய ஊர்) நெடுஞ்சாலையில் வைத்த கல்லோ, இது போரா, படுகொலையா என்று தலைப்பிலேயே கேள்வி எழுப்பி நின்றது. இதை நடுநிலை எனச் சிலர் கருதக்கூடும்; நாம் அவ்வாறு கருதவில்லை. நாடாளுமன்றக் குழு 85 ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிய கேள்வியை மீண்டும் கேள்வியாக நிறுத்துவது, விடையைத் தள்ளிவைப்பதேயாகும்.

சவுல் அமலேக்கியரை முறியடித்தபின் கர்மேலில் தனக்கென ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டியதை முதலாம் சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சாமுவேலின் கண்டனம் அதன் பின்னரே வருகிறது. கல் முந்திக்கொள்கிறது, தீர்க்கதரிசி பிந்தி வருகிறார். கொலராடோவிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

டென்வர் சின்னத்திலிருந்து சேண்ட் கிரீக் என்னும் பெயரை நீக்க 1998-இல் சட்டமன்றம் தீர்மானித்தது. அதற்கு மறுப்புத் தெரிவித்தவர்களில் மாண்டோரின் வழித்தோன்றல்களே முன்நின்றனர் என்பது நம் கவனத்திற்குரியது. பெயரை அழித்துவிட்டால் குற்றமும் மறைந்துபோகும். பெயரை விட்டுவைத்து உண்மையை அருகில் எழுதுங்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அவ்வாறே 2002-இல் விளக்கப் பலகை ஒன்று அங்கே வைக்கப்பட்டது. 2007-இல் ஓடைக்கரை தேசிய வரலாற்றுத் தலமாகத் திறக்கப்பட்டபோது, அதன் பெயரிலேயே படுகொலை என்னும் சொல் இடம்பெற்றது. சின்னத்தின்மேல் நின்ற போர்வீரன் சிலையை 2020 ஜூனில் மக்கள் வீழ்த்தினர். எவான்சின் அறிவிப்புகளை ஆளுநர் 2021-இல்தான் முறைப்படி நீக்கினார்.

திருச்சபையும் தாமதித்தே பேசியது. ஐக்கிய மெதடிஸ்து திருச்சபையின் பொதுமாநாடு 1996-இல் மன்னிப்புக் கோரியது. பின்னர் தன் பங்கினை ஆராயும்படி வரலாற்றறிஞர் கேரி ராபர்ட்சைக் கேட்டு, அவரது விரிவான அறிக்கையை 2016-இல் பெற்றுக்கொண்டது. மன்னிப்பு முந்தியும் ஆராய்ச்சி பிந்தியும் வந்தது சற்று விநோதமே. அறிக்கை செய்யவேண்டிய பாவம் இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வதன்றோ முறை? எனினும், தன் குருவின் செயலைத் தனியொருவரின் பிழையென ஒதுக்கிவிடாமல், அதற்கு இடமளித்த சபையின் மனநிலையையும் ஆராய முன்வந்தது பாராட்டத்தக்கது.

அன்று ஓடைக்கரையில் தம் வீரர்களைச் சுடும்படி கட்டளையிட மறுத்த கேப்டன் சைலஸ் சோல், பின்பு விசாரணையில் சிவிங்டனுக்கு எதிராகச் சாட்சி கூறினார். 1865 ஏப்ரலில் டென்வர் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விழுந்த இடத்தில் பலகை ஒன்று வைக்கப்பட 2010 வரை ஆயிற்று. செயென், அரப்பஹோ மக்கள் 1999 முதல் நவம்பர் மாதத்தில் ஓடைக்கரையிலிருந்து டென்வர்வரை நினைவு ஓட்டம் நடத்தி வருகின்றனர். வழியில் அவர்கள் சோலின் கல்லறையில் நின்று அவருக்கு மரியாதை செலுத்திய பின்னரே சட்டமன்றப் படிகளை அடைகின்றனர்.