விழுந்த இடம் அறிதல்

நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களுக்கு நடுவே, பழையாற்றின் கரையில் அமைந்த பழம்பெரும் ஊர் சுசீந்திரம். அவ்வூர்க் கோயிலின் கோபுரத்தை நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். வழி தவறியவன் அதனைக் கண்டு திசை அறிந்துகொள்வான். ஆனால், வானிலிருந்து வந்து விழும் சிறு பொருளுக்கு அத்தகைய அடையாளம் ஏது? வயலும் தோப்பும் குளமும் நிறைந்த நிலத்தில் அதனைத் தேடிக் காண்பது எளிதன்று. மாதிரி இராக்கெட் செய்து பறக்கவிடுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே.

மாதிரி இராக்கெட் அட்டைக்குழலாலும் இலேசான மரத்தாலும் ஆனது. உரிய அனுமதி பெற்று, ஆளில்லாத திறந்த வெளியில், பெரியோர் துணையுடன் அதனை ஏவுவர். அது உச்சியை அடைந்ததும் வான்குடை விரிய, மெல்ல இறங்கும். அப்பொழுது அதனை நடத்துவது காற்றேயாகும். 300 மீட்டர் உயரத்தில் வான்குடை விரிந்து, நொடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்கினால், தரையை அடைய 60 நொடிகள் ஆகும். காற்றின் வேகம் நொடிக்கு 8 மீட்டராயின், அதற்குள் இராக்கெட் 480 மீட்டர் தொலைவு அடித்துச் செல்லப்படும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

இராக்கெட் தொலைந்தால் பொருள் மட்டுமா இழப்பு? அது எவ்வளவு உயரம் சென்றது, எவ்வாறு பறந்தது என்பவற்றைப் பதிந்த கருவியும் அதனுள் இருக்கும். கருவி மீளாவிடில் பல நாள் உழைப்பின் பயனும் மீளாது.

இவ்விழப்பைத் தடுக்க உதவுவது ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டி முறை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளால் இடைவிடாது அறிவிக்கின்றன. அவ்வலை வந்து சேர எடுத்த நேரத்தைக்கொண்டு, கீழுள்ள கருவி ஒவ்வொரு கோளின் தொலைவையும் கணக்கிடுகிறது. அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். ஆதலின், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை உண்டாகும். கருவியின் கடிகாரப் பிழையையும் நீக்க வேண்டியிருப்பதால் நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன.

எனினும், இக்கருவி தன் இடத்தைத் தானே அறியுமேயன்றி, செயற்கைக்கோள் அதனைப் பிறருக்குச் சொல்வதில்லை. ஆகவே, அறிந்த இடத்தைத் தரைக்கு உரைக்க ஒரு சிறு வானொலி அனுப்பியும் உடன் வைக்கப்படுகிறது. தோப்பின் மறைவிலோ வரப்பின் பின்னோ விழுந்தபின் அதன் ஒலிபரப்பு கேளாமற்போகலாம். அதனால், இறங்கும்போதே நொடிதோறும் அது தன் இடத்தை அறிவிக்க வேண்டும். இறுதியாகக் கிடைத்த செய்தியே தேடலுக்குத் தொடக்கமாகும். ஏவுவதற்கு முன்பே கருவி கோள்களை இனங்கண்டுவிட்டதா என்று பார்த்தலும் இன்றியமையாதது.

மீட்கும் தேவை மாதிரி இராக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 550 கிலோகிராம் எடையுள்ள மீட்புக் கலம், 12 நாள் புவியைச் சுற்றியபின் வான்குடைகளின் துணையால் வங்கக் கடலில் இறங்கியது. அது மூழ்காதிருக்க மிதவைகள் அமைக்கப்பட்டிருந்தன. கடலோரக் காவற்படையும் கடற்படையும் கப்பல்களோடும் விமானங்களோடும் சென்று அதனை மீட்டன. விண்ணில் நிகழ்ந்த ஆய்வுகளின் பயன் அதனாலேயே கைக்கு வந்தது.

ஏவுவோர் பலரும் மேலே செல்லும் வழியையே எண்ணுவர். திரும்பிவரும் வழியையும் முன்னரே எண்ணி அமைப்பவரே ஆய்வின் முழுப் பயனையும் அடைவர்.