லேப்டாப் வாங்க எந்தக் கடைப் படியேறுவது?

உடையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறி, டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு நடுவே லேப்டாப்பும் விற்கும் பெரிய ஷோரூமில் வாங்கலாம். அல்லது ஜெயங்கொண்டம், அரியலூர் போன்ற பக்கத்து ஊர்களில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸுமே தொழிலாக இருக்கும் கடைக்காரரிடம் போகலாம். ஒரே மாடலுக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு விலை சொல்வார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பழைய போட்டி

கணினி வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்தே இந்தப் போட்டி இருக்கிறது. 1976இல் ஆப்பிளின் முதல் கணினிக்கு 50 எண்ணம் ஆர்டர் கொடுத்தது, கலிஃபோர்னியாவில் பால் டெர்ரல் நடத்திய ‘பைட் ஷாப்’ என்ற கணினிக் கடை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது, ‘கம்ப்யூட்டர்லேண்ட்’ கடைகளையும் சியர்ஸ் நிறுவனத்தையும் விற்பனைக்குத் தேர்ந்தெடுத்தது. துணிமணி முதல் குளிர்பதனப் பெட்டி வரை விற்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் சியர்ஸ். அதுவும் ஐபிஎம் பிசியை விற்கத் தனிக் கடைகளைத் திறந்தது. பொருளை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் அது விலைபோகாது என்ற கணக்கு.

கமடோர் நிறுவனம் அந்தக் கணக்கை மாற்றியது. விக்-20 கணினியைக் கே-மார்ட் போன்ற பலசரக்குப் பெருங்கடைகளில் அடுக்கியது. 1982இல் 595 டாலருக்கு வந்த கமடோர் 64, அடுத்த ஆண்டு நடந்த விலைச் சண்டையில் பாதி விலைக்கும் கீழே இறங்கியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் தாக்குப்பிடிக்க முடியாமல் 1983 அக்டோபரில் வீட்டுக் கணினித் தொழிலையே கைவிட்டது. முந்தைய விலைக்குச் சரக்கெடுத்து வைத்திருந்த டீலர்களுக்குப் பலத்த அடி. சாதாரணக் குடும்பங்களுக்கும் கணினி கிடைத்தது. விற்ற பிறகு கைகொடுக்கும் கடைக்காரர்தான் ஒதுங்க நேர்ந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது

இங்கே வரிசை வேறு. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து ‘அசெம்பிள்’ செய்து கொடுத்த கடைக்காரர்கள்தான் சிறு ஊர்களுக்குக் கணினியைக் கொண்டுவந்தார்கள். 1978இல் தொடங்கி, தவணைக்குப் பொருள் கொடுத்து வளர்ந்த வசந்த் அன் கோ போன்ற வீட்டுப் பொருள் கடைகளும், 2004இல் மொபைல் கடையாகத் தொடங்கிய பூர்விகாவும் பின்னர் லேப்டாப் விற்பனைக்கு வந்தன. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதும், கடைப் பக்கமே போகாத வீடுகளுக்கும் லேப்டாப் பழகிப்போனது. டிவியைப் போல் ஷோரூமில் பார்த்து எடுக்கும் பொருளாக அது மாறியது இப்படித்தான்.

விலை ஏன் மாறுகிறது?

கணினிக்கு ஜிஎஸ்டி எங்கே வாங்கினாலும் 18 சதவீதம்தான். வித்தியாசம் கொள்முதலில் இருக்கிறது. பல கிளைகள் உள்ள ஷோரூம் மொத்தமாக எடுக்கிறது. விற்பனை இலக்கைத் தொட்டால் நிறுவனம் தனியாகச் சலுகை தருகிறது. வங்கி கார்டு தள்ளுபடியும் தவணைத் திட்டமும் பெரும்பாலும் அங்கேதான். சிறு கடைக்காரர் மொத்த விநியோகஸ்தரிடம் ஒன்றிரண்டாக எடுக்கிறார். லேப்டாப் விற்பதில் அவருக்கு மிஞ்சுவது சொற்பம். பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் நிரப்புவது, சிசிடிவி பொருத்துவது, ரேம் கூட்டுவது, பழுது பார்ப்பது ஆகியவைதான் கடை வாடகையைக் கட்டுகின்றன.

இரண்டு பக்கமும் கவனம்

ஷோரூமில் உங்களுக்கு விளக்கம் சொல்பவர், குறிப்பிட்ட ஒரு பிராண்டு நிறுவனம் அங்கே நிறுத்திய ஊழியராக இருக்கலாம். அவர் எதைப் பரிந்துரைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கத் தள்ளுபடி கைவிட்டுப் போகிறதா என்று கேளுங்கள். வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

டீலரிடம் வேறு ஆபத்துகள். உரிமம் இல்லாத விண்டோஸ் போட்டுத் தருவது அதில் முதலாவது. ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்ற பேச்சு அடுத்தது. பில் இல்லையென்றால் வாரண்டி கேட்கவும் வழக்குப் போடவும் கையில் ஆதாரம் இருக்காது. அசெம்பிள் செய்த கணினியில் மதர்போர்டு, எஸ்எஸ்டி, ரேம் ஒவ்வொன்றுக்கும் வாரண்டி தனித்தனி. பாகங்களின் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும்.

வாரண்டி எங்கே கிடைக்கும்?

லேப்டாப் வாரண்டியைக் கொடுப்பது உற்பத்தி நிறுவனம். யாரிடம் வாங்கினாலும் அது ஒன்றுதான். கேள்வி, அந்தச் சேவை 621804 என்ற உடையார்பாளையம் பின்கோடுக்கு வருமா என்பதே. வீட்டுக்கு ஆள் வந்து பார்க்கும் வாரண்டியா, நாமே சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போக வேண்டியதா என்பதைப் பணம் கட்டும் முன்பே நிறுவனத்தின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் எண்ணிலோ சரிபாருங்கள். தூக்கிப்போக வேண்டியதென்றால் பஸ் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் விலையோடு சேரும்.

யாருக்கு எது?

கல்லூரிப் பிள்ளைக்குத் தெரிந்த பிராண்டில் வழக்கமான மாடல் போதுமென்றால், விலையை ஒப்பிட்டு ஷோரூமில் எடுப்பது சரி. பில் போடும் கடை, ஜெராக்ஸ் கடை, சேலை டிசைன் போடுபவர் என்று கணினியை நம்பிப் பிழைப்பவர்கள் பக்கத்து டீலரிடம் வாங்குவதே நல்லது. ஒருநாள் வேலை நின்றால் ஆகும் நஷ்டம், விலையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். தொழிலுக்கு வாங்குபவர்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், தங்கள் எண்ணையும் பில்லில் போடச் சொல்ல வேண்டும். கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை மலிவு என்று எடுக்க வேண்டாம்.

ஏமாற்றப்பட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. முதல் உதவிக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எந்தக் கடையில் வாங்கினாலும் பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.